காலில் தொடங்கும் கம்பு

சிலம்பம் கற்க வருகிறவருக்கு முதல் அடி அவர் கையிலிருக்கும் கம்பிலிருந்தே விழும். காது மடல், முழங்கை முட்டி, கணுக்கால், பின்மண்டை என்று அந்த அடிக்கு ஓர் ஒழுங்கே உண்டு. மேலூர் பக்கத்தில் வெகுகாலமாகக் கம்பு சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் ஒருவர், புதுப் பையன் எந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறான் என்பதைப் பார்த்தே தப்பு எங்கே என்று சொல்லிவிடுவார். காதைத் தேய்த்தால் மணிக்கட்டு சரியாகத் திரும்பவில்லை. கணுக்காலைத் தேய்த்தால் கால் தூங்குகிறது. முழங்கையைத் தேய்த்தால் கம்பை உடம்போடு ஒட்டிப் பிடித்திருக்கிறான். பின்மண்டையைத் தேய்க்கிறவனிடம் மட்டும் அவர் ஒன்றும் கேட்பதில்லை. அது எல்லாருக்கும் விழுகிற அடி.

வாத்தியாருக்குப் பகலில் கொத்தனார் வேலை. பொழுது சாய்ந்ததும் கை கால் கழுவிக்கொண்டு ஊருக்கு வெளியே களத்துக்கு வந்துவிடுவார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. முன்பு வந்த பிள்ளைகள் ‘வாத்தியாரே’ என்றார்கள், இப்போது வருகிறவர்கள் ‘மாஸ்டர்’ என்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் திரும்பிப் பார்க்கிறார்.

கம்பு என்றால் ஊன்றி நிறுத்தும்போது நெற்றி வரை வருகிற மூங்கில். சராசரி ஆளுக்கு ஐந்தரை அடி கணக்கு. பொந்து குறைந்த கல்மூங்கிலை நிழலில் உலர்த்தி, கணு சீவி, எண்ணெய் தேய்த்துப் பழக்கினால் பல வருஷம் உழைக்கும். போட்டிக்குப் போகிற பிள்ளைகள் எடை குறைந்த பிரம்பைக் கேட்கிறார்கள். வேகம் வரும், வளையும், பட்டால் வலியும் கொஞ்சம் குறைவு. ஆனால் எடை குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. ஐந்தரை அடிக் கம்பை நடுவில் பிடித்து வினாடிக்கு இரண்டு சுற்றுச் சுற்றினால் அதன் முனை மணிக்கு ஏறக்குறைய 38 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. மூன்று சுற்று வந்துவிட்டால் 57. தெருவில் போகிற மொபெட்டின் வேகத்தில் ஒரு மூங்கில் நுனி காதுக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அதனால்தான் பழைய ஆட்கள் கம்பை அவ்வளவு சீக்கிரம் கையில் கொடுப்பதில்லை.

வாத்தியாருக்கே அப்படித்தான் நடந்தது. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் வயல்களில் ஆட்டுக்கிடை போடுகிற கிழவர். கோடையில் தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள், விடிவதற்கு முன்னால்தான் பயிற்சி. வந்த பையன்களை வெறுங்கையோடு நிறுத்திக் காலடி மட்டும் போடச் சொன்னார். முன்னே ஓர் எட்டு, பக்கவாட்டில் ஓர் எட்டு, திரும்பி நின்று மறுபடியும் அதுவே. நாலு திசைக்கும் முகம் கொடுத்துத் திரும்ப வேண்டும். திரும்பும்போது இரண்டு காலும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளக் கூடாது, குதிகால் முழுதாக ஊன்றக் கூடாது, முழங்கால் விறைக்கக் கூடாது. ஒரு கோடை முழுக்க இதுதான். கூட வந்தவர்களில் பாதிப் பேர் சலித்துப்போய் நின்றுவிட்டார்கள். கிழவர் யாரையும் தேடிப் போகவில்லை.

“கம்பு எப்பத் தருவீங்கன்னு கேட்டா, ‘காலு வரட்டும்’பார். அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது,” என்கிறார் வாத்தியார்.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. கம்பு வீச்சின் பலம் கையிலிருந்து வருவதாகத் தோன்றும். உண்மையில் அது பாதத்தில் தொடங்கி, இடுப்பு திரும்பும்போது தோளுக்கு ஏறி, மணிக்கட்டு வழியாகக் கம்புக்குப் போகிறது. கால் நின்ற இடத்திலேயே நிற்க, கையை மட்டும் சுழற்றுகிறவன் பார்க்க அழகாகச் சுற்றுவான். ஆனால் அவன் வெட்டில் கனம் இருக்காது. இன்னொன்று தூரம். இரண்டு பேர் ஐந்தரை அடிக் கம்போடு எதிரெதிரே நின்றால், அடி படுவதும் படாமல் போவதும் ஒரே ஓர் எட்டு வித்தியாசம்தான். அந்த எட்டை யோசித்து வைக்க நேரமில்லை. யோசிக்காமல் வைக்கும் அளவுக்குக் கால் பழகியிருக்க வேண்டும்.

முதல் வாரத்து வலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் நின்றுபோவது அங்கேதான். பயிற்சி செய்த அன்று உடம்பு லேசாகத்தான் இருக்கும். மறுநாள் காலையில் கழிவறையில் உட்கார முடியாது. மூன்றாம் நாள் மாடிப்படி இறங்குவது ஏறுவதைவிடக் கொடுமை. தாழ்ந்து நிற்கும்போதும், வேகமாக வைத்த காலை நிறுத்தும்போதும் தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. அப்போது தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது, வலி ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகிறது. இதை லாக்டிக் அமிலம் தேங்கிய வலி என்று இன்னமும் பல பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். அந்த அமிலம் பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே பெரும்பாலும் வெளியேறிவிடும். மூன்றாம் நாள் வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வாத்தியாருக்கு இந்த விளக்கம் எதுவும் தெரியாது. மூன்றாம் நாள் வராத பையனின் வீட்டுக்கு ஆள் அனுப்பி, “சும்மா வந்து நடந்துட்டுப் போகச் சொல்லு” என்பார். லேசான அசைவு அந்த வலியைத் தற்காலிகமாகக் குறைக்கும் என்பது உண்மைதான்.

இதைவிடத் தந்திரமான வலி இரண்டு மூன்று மாதம் கழித்து வருகிறது. தசை சில வாரங்களிலேயே தேறிவிடும். தசையை எலும்போடு கட்டும் தசைநாண் தேற மாதக்கணக்காகும். கைக்குத் தெம்பு வந்துவிட்டது என்று பையன் வேகத்தைக் கூட்டுகிறான், தசை ஈடுகொடுக்கிறது, முழங்கையின் வெளிப்பக்கமும் மணிக்கட்டும் ஈடுகொடுப்பதில்லை. காப்பித் தம்ளரைத் தூக்கினாலே முழங்கை சுளீர் என்கிறது. கோடை முழுக்கக் காலடி போடவைத்த கிழவரை அந்தக் காலத்துப் பையன்கள் வித்தையை ஒளிக்கிறார் என்றுதான் திட்டினார்கள். ஒளித்தாரோ இல்லையோ, அந்தத் தாமதம் அவர்கள் கைகளைக் காப்பாற்றியது.

பிடி விஷயத்திலும் இதே கதைதான். புதிதாக வருகிறவர் கம்பை விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் இறுக்கிப் பிடிப்பார். கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தோல் கொப்புளம் கட்டும், உடையும், எரியும். கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடிக்கச் சொல்வார் வாத்தியார். நழுவவும் கூடாது, நசுங்கவும் கூடாது. கொப்புளத்தைக் குத்தி உடைக்காமல் தேங்காயெண்ணெய் தடவி விட்டால் தோல் தானே காய்த்துப்போகும். காய்ப்பு ஏறிய கையைப் பார்த்து, எந்த வருஷம் கற்றவர், எந்தக் கம்பில் கற்றவர் என்று சொல்லிவிடுவதாகச் சில பழைய ஆட்கள் பெருமையடிப்பார்கள். அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. கொத்தனார் கையிலும் காய்ப்புதான் இருக்கிறது.

தரையும் ஒரு வாத்தியார். கண்மாய் மணலிலோ உழுத மண்ணிலோ வெறுங்காலோடு ஆடும்போது பாதத்தின் சின்னச் சின்னத் தசைகள் எல்லாம் வேலை செய்கின்றன, தவறி விழுந்தாலும் சிராய்ப்போடு போகும். ஊர்கள் வளர, களங்கள் வீட்டுமனைகளாக, இப்போது பாதி வகுப்புகள் மொட்டை மாடியிலும் பள்ளிக்கூடத்து சிமென்ட் தளத்திலும் நடக்கின்றன. அங்கே குதித்துத் திரும்பும் ஒவ்வொரு தடவையும் அதிர்ச்சி நேராக முழங்காலுக்கும் முன்னங்கால் எலும்புக்கும் போகிறது. சிமென்ட் தரையில் கற்றுக்கொடுக்கிறவர்கள் குதிக்கும் வரிசைகளைக் குறைத்தாக வேண்டும். பெரும்பாலும் குறைப்பதில்லை. பார்வையாளர்கள் கைதட்டுவது குதிக்கும்போதுதான்.

பக்கத்து மாநிலமான கேரளத்தில் களரி என்றாலே அளவெடுத்துத் தோண்டிய இடம். 42 அடி நீளம், 21 அடி அகலம், தரைமட்டத்துக்குக் கீழே மண் தளம், மேலே ஓலைக் கூரை. கன்னியாகுமரி மாவட்டத்து அடிமுறை ஆசான்களிடமும் களரி, வர்மம் இரண்டும் சேர்ந்தே இருக்கும். மதுரை, சிவகங்கைச் சீமைச் சிலம்பத்துக்கு அப்படிக் கட்டிய இடம் கிடையாது. அறுப்பு முடிந்த வயல், கோயில் பொட்டல், தண்ணீர் இல்லாத கண்மாய் என்று கிடைத்த இடத்தில் வளர்ந்தது. பொங்கலுக்கும் சாமி கும்பிடுக்கும் ஆடினார்கள், முஹர்ரம் ஊர்வலத்திலும் ஆடினார்கள். மேடைகளில் இதற்கு ஐயாயிரம் வருஷ வரலாறு சொல்வார்கள். வாத்தியாருக்குத் தன் கிழவரையும், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரையும் தெரியும். அதற்கு மேலே போகிற கணக்கை அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஒரு கணக்கு மட்டும் ஆவணங்களில் இருக்கிறது. 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, கும்பெனி அரசு தெற்குச் சீமையில் ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்தது. ஈட்டியும் துப்பாக்கியும் போயின. ஆடு மேய்க்கிறவன் கையிலிருக்கும் கம்பை யாரால் பறிக்க முடியும்? இந்தப் பக்கத்தில் கம்பு நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது ஆசான்கள் வாய்வழியாகச் சொல்லிவரும் விளக்கம். இரண்டு கொம்புகளை எதிரெதிராகக் கட்டிய மான்கொம்பு என்ற ஆயுதத்துக்கு வந்த கதை வேறு. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நிஜ மான்கொம்பைக் கையில் வைத்துக்கொண்டு சபைக்கு வர முடியாது. இப்போது ஆடுவதெல்லாம் உலோகத்தில் வார்த்தது.

அந்தக் காலத்துக் கற்றல் முறையைச் சிலர் புனிதமாக்கிப் பேசுகிறார்கள். அதில் நல்லதும் இருந்தது, கெட்டதும் இருந்தது. வெற்றிலை பாக்கோடு ஒரு வேட்டியும் சில ரூபாயும் தட்டில் வைத்தால் போதும், மாதக் கட்டணம் கிடையாது. மூத்த பையன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பான், சொல்லிக்கொடுக்கும்போதே தன் தப்பையும் கண்டுகொள்வான். கேள்வி கேட்டால் பதில் வராது என்பதால் கண் கூர்மையாகும். கிழவர் ஒரு வெட்டை ஒருமுறைதான் செய்து காட்டுவார், அப்போது பராக்குப் பார்த்தவனுக்கு அடுத்த வாரம்தான். இதெல்லாம் நல்ல பக்கம்.

கெட்ட பக்கம் என்னவென்றால், யாருக்குச் சொல்லிக்கொடுப்பது என்பதைத் தெருதான் முடிவு செய்தது. பல ஊர்களில் ஒரு தெருவின் வாத்தியாரிடம் மறு தெருப் பையன் போக முடியாது. பெண் பிள்ளைகள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி. கடைசி வரிசைகளைச் சாகும் வரை கைக்குள்ளேயே வைத்திருந்து, தன்னோடு கொண்டுபோய்விட்ட ஆசான்களும் உண்டு. அப்படிப் போனவற்றின் பெயர்கள் மட்டும் இன்றைக்கு மிஞ்சியிருக்கின்றன. இன்று வாத்தியாரின் களத்துக்கு எல்லாத் தெருவிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள், அதில் பெண் பிள்ளைகள் நிறைய. காலடியை அவர்கள்தான் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள் என்று வாத்தியார் சொல்வார். பையன்கள் முதல் நாளே சண்டைக்கு நிற்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

அடிபட்டால் செய்யும் வைத்தியத்திலும் பழசை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. ஐம்பதைத் தாண்டிய சிலம்பக்காரர்கள் பலருடைய விரலைப் பார்த்தால் எங்காவது ஒரு கணு கோணியிருக்கும். கம்பு பட்டு வீங்கிய விரலைச் சுளுக்கு என்று நீவிவிட்டதன் விளைவு அது. முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் போட்ட பற்று, வீக்கத்தை அசையாமல் பிடித்திருக்கும், ஆனால் உள்ளே எலும்பு விலகியிருக்கிறதா என்று சொல்லாது. விரல் நுனி தானாக நிமிரவில்லை என்றால் அன்றைக்கே எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பதை வாத்தியார் இப்போது பிள்ளைகளின் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறார். தலையில் அடி பட்டு வாந்தி வந்தாலோ, பேச்சு குழறினாலோ, எண்ணெயெல்லாம் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிதான்.

சிலம்பத்தின் மிகக் கடினமான பாடம் தசையில் இல்லை, இமையில் இருக்கிறது. முகத்தை நோக்கி எது வந்தாலும் கண் மூடிக்கொள்ளும், அது பிறவிக் குணம். தொடுமுறைச் சண்டையில் அந்த இமைப்பொழுது போதும், எதிராளியின் கம்பு தோளைத் தொட்டுவிடும். முன்பெல்லாம் கம்பு முனையில் கரி தடவிக்கொண்டு ஆடி, யார் பனியனில் எத்தனை புள்ளி என்று எண்ணுவார்கள். இன்றைக்குத் தலைக்கவசம், மார்புக் கவசத்தோடு நடுவர் கையுயர்த்திப் புள்ளி சொல்கிறார். எப்படியானாலும் பயத்தைப் படிப்படியாகத்தான் கழற்ற முடியும். வாத்தியார் முதலில் மெதுவாக ஒரே இடத்தில் வெட்டுவார், பையன் தடுக்க வேண்டும். பிறகு கொஞ்சம் வேகம். பிறகு எந்தப் பக்கம் வரும் என்று சொல்லாமல். “கம்பைப் பாக்காதடா, ஆளைப் பாரு, ஆளு நெஞ்சைப் பாரு” என்று கத்திக்கொண்டே இருப்பார். கம்பின் முனையைக் கண்ணால் பின்தொடர முடியாது. வீசுகிறவனின் தோள் அசைவதைப் பார்க்க முடியும், அது கம்புக்கு முன்னாலேயே செய்தி சொல்லிவிடும்.

நாற்பது வயதில் வருகிறவர்களும் உண்டு. கணினி முன்னால் உட்கார்ந்தே தோள் கூனிப்போனவர்கள், சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர் என்று வருகிறவர்கள். இவர்களுக்குக் கையைத் தலைக்கு மேலே முழுசாகத் தூக்குவதே பெரிய வேலை. வாத்தியார் இவர்களுக்குத் தலைக்கு மேல் வீச்சைக் கொடுப்பதில்லை. இடுப்புக்குக் கீழே, இடக்கைக்கும் வலக்கைக்கும் சமமாக, மெதுவாகச் சுற்றச் சொல்வார். சிலம்பத்தில் இரண்டு கைக்கும் வேலை உண்டு என்பதால் இடக்கைப் பழக்கக்காரர்களுக்கு இங்கே குறைச்சல் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: பக்கத்தில் பத்து வயதுப் பிள்ளை நன்றாகச் சுற்றுவதைப் பார்த்து வேகம் கூட்டக் கூடாது. இந்த நிபந்தனையை மீறாதவர் குறைவு.

பட்டை கட்டும் வழக்கம் நகரத்துச் சிலம்ப வகுப்புகள் சிலவற்றில் கராத்தேயைப் பார்த்து வந்தது. அது கராத்தேக்கே ஜூடோவிலிருந்து வந்ததுதான். 1882-ல் தோக்கியோவில் ஒரு புத்தக் கோயிலில் 12 பாய் விரித்து ஜூடோ பள்ளி தொடங்கிய ஜிகோரோ கானோ, 1886 வாக்கில் தேறியவர்களுக்குக் கறுப்புப் பட்டை கட்டச் செய்தார். நடுவில் வருகிற மஞ்சள், பச்சை, நீலமெல்லாம் பிற்பாடு ஐரோப்பாவில் பரவியவை. பொறுமை குறைந்த மாணவனைத் தக்கவைக்க அது நல்ல உத்தி, சிலம்பத்திலும் உதவத்தான் செய்கிறது. ஆனால் ஜூடோவில் வெள்ளைப் பட்டைக்காரன் முதலில் படிப்பது விழுவது எப்படி என்பதை. எறிவது அப்புறம். அந்தப் பாடத்தை எடுத்துக்கொள்ளாமல் பட்டையை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன பயன்?

அண்மைக் காலத்தில் சிலம்பத்துக்கு அரசு மரியாதை கூடியிருக்கிறது. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்தது. முதலமைச்சர் கோப்பையில் இடம் கிடைத்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் காட்சி விளையாட்டாக ஆடப்பட்டது. இதனால் பிள்ளைகள் கூட்டம் பெருகியது, தடுக்கி விழுந்தால் ஒரு சிலம்பச் சங்கம் என்ற அளவுக்குச் சங்கங்களும் பெருகின. எந்தச் சங்கத்துச் சான்றிதழ் செல்லும், எது செல்லாது என்று பெற்றோர் அலைகிறார்கள். இது காலப்போக்கில் சரியாகிவிடும்.

சரியாகாது என்று வாத்தியார் நினைப்பது வேறொன்று. பானை மேல் ஏறி நின்று, ஆணிப் பலகை மேல் நின்று, கண்ணைக் கட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் இடைவிடாமல் குழந்தைகளைக் கம்பு சுற்ற வைக்கும் ‘உலக சாதனை’ நிகழ்ச்சிகள் ஊருக்கு ஊர் நடக்கின்றன. கட்டணம் வாங்கிக்கொண்டு பதக்கமும் சான்றிதழும் தரத் தனியார் சாதனைப் புத்தகங்கள் இருக்கின்றன. நின்ற இடத்தில் நின்று சுற்றுவதால் காலடிக்கு அங்கே வேலையே இல்லை. வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டுகள் இன்னும் மூடியிருக்காது. ஒரே மணிக்கட்டை ஒரே அசைவில் அளவுக்கு மீறி வருத்தினால் அந்தத் தட்டு பாதிக்கப்படலாம் என்பதை ஜிம்னாஸ்டிக் பிள்ளைகளைச் சோதித்த மருத்துவர்கள் எப்போதோ எழுதிவிட்டார்கள். கிழவர் கம்பையே கொடுக்காமல் ஒரு கோடையைக் கடத்திய வயதில், இங்கே பிள்ளைகளிடம் மணிக்கணக்காகக் கம்பு சுற்றக் கேட்கிறார்கள். அப்படி ஒரு நிகழ்ச்சிக்குப் பிள்ளைகளை அனுப்பச் சொல்லிக் கேட்டு வந்தவர்களை வாத்தியார் களத்துக்கு வெளியே நிறுத்தியே பேசி அனுப்பிவிட்டார்.

பிள்ளையைச் சிலம்பத்தில் சேர்க்க நினைக்கிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாலை அந்தக் களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பாருங்கள். சுழலும் கம்பைப் பார்க்க வேண்டாம், பிள்ளைகளின் கால் எங்கே போகிறது என்று பாருங்கள். தரை மண்ணா சிமென்ட்டா, தொடுமுறை ஆட விடுகிறார்களா, அப்போது தலைக்கவசம் போடுகிறார்களா என்று கேளுங்கள். மூன்று மணி நேரச் சாதனைக்குச் சம்மதக் கடிதம் நீட்டினால் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.